மணல், கரி, வெள்ளை: அழித்தல் குறித்துச் சில குறிப்புகள்

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு எழுத்தின் வரலாறு என்றால் கல்வெட்டு, செப்பேடு, ஓலை, அச்சு என்று ஒரு வரிசை மனப்பாடம். எல்லாமே அழியக்கூடாது என்று எழுதப்பட்டவை. அழிப்பதற்கென்றே எழுதப்படுகிற எழுத்துக்கு அந்த வரிசையில் இடமில்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் முதன்முதலாக எழுதியது அழிந்துபோன எழுத்தைத்தான்.

இதை யோசிக்க வைத்தவர் நான் கௌரவ விரிவுரையாளராக இருக்கும் கல்லூரியில் துப்புரவு வேலை செய்கிற ஒரு அம்மா. ஒருநாள் காலை வகுப்பறை வாசலில் துணியோடு நின்றுகொண்டு, "சார், இதை அழிக்கட்டுமா, வேணாமா?" என்றார். வெள்ளைப்பலகையில் முந்தின நாள் நான் எழுதிய வெண்பா வாய்பாடு. "அழிச்சா யாரைக் கேட்டு அழிச்சேங்கறாங்க. விட்டா ஏன் அழிக்கலேங்கறாங்க. எனக்கு என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?" நான் பதில் சொல்லாமல் நானே துடைத்தேன். கேள்வி மட்டும் துடைபடவில்லை. அழிக்கிற உரிமை யாருடையது, அழிக்கிற வேலை யாருடையது?

மணலிலிருந்து தொடங்கலாம். திண்ணைப் பள்ளியில் பிள்ளை மணலில் விரலால் எழுதினான், அதே கையால் கலைத்தான். எழுதுகிறவனும் அழிக்கிறவனும் ஒருவனே. இதைப் பொற்காலமாக்கிவிட வேண்டியதில்லை. அந்தத் திண்ணையில் உட்கார அனுமதிக்கப்படாத சாதிகளின் பிள்ளைகளுக்கு எழுதவும் மணல் இல்லை, கலைக்கவும் மணல் இல்லை.

இந்த மணல் கடல் தாண்டிப் போனது. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதிக்கு ஆண்ட்ரூ பெல் கண்காணிப்பாளரானார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, அதைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றார். அவருடைய ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற சிறுவனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார், வேலை நடந்தது. 1797இல் லண்டனில் இதை நூலாக வெளியிட்டார். பிள்ளைக்குப் பிள்ளையே வாத்தியாராகும் இம்முறைக்கு அங்கே 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். நம் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போய் 'மானிட்டர்' ஆன கதை இது. பள்ளியை ஒழுங்குபடுத்தும் எந்திரமாக ஃபூக்கோ 1975இல் விவரித்தபோது அவர் கண்முன் இருந்தவற்றில் இந்த வகைப் பள்ளிகளும் உண்டு. ஆனாலும் மணல்தட்டு ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் தனித்தனியாக இருந்தது. அழிப்பு இன்னும் பிள்ளையின் கையில்தான்.

கரும்பலகை இதை மாற்றியது. எழுத்து ஒன்று, பார்க்கிற கண்கள் நாற்பது. எழுதுகிறவர் ஆசிரியர், அழிப்பது அவர் கைகாட்டுகிற பிள்ளை. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 1987இல் கரும்பலகைத் திட்டம் வந்தது: தொடக்கப் பள்ளிக்குக் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கற்பிக்கும் சாமான்கள். ஒரு தேசம் தன் பள்ளிகளின் வறுமைக்குக் கரும்பலகையின் பெயரை வைத்தது தற்செயல் அல்ல. எங்கள் ஊர்ப் பள்ளியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவை இலையும் ஊமத்தை இலையும் பறித்துவந்து, அடுப்புக்கரியோடு அரைத்துப் போர்டுக்குப் பூசுவோம். டஸ்டரைச் சுவரில் தட்டி சாக்பீஸ் தூளில் தும்முவது ஒரு கௌரவம். ஆனால் போர்டு துடைக்க ஒருவனையும் கக்கூஸ் கழுவ இன்னொருவனையும் கூப்பிடும்போது வாத்தியார் வாயில் எந்தெந்தப் பெயர் வந்தது என்பதை அப்போது நாங்கள் கவனிக்கவில்லை. கவனிக்காமல் இருக்க முடிந்தது என்பதே நாங்கள் யார் என்பதற்குச் சாட்சி.

வெள்ளைப்பலகையில் தூள் இல்லை, தும்மல் இல்லை. அதன் மை சாராயக் கரைப்பானில் கலந்த நிறமி. மை பரப்பில் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் எண்ணெய்த்தன்மையுள்ள பொருளும் அதில் உண்டு. எழுதும்போதே அழிப்புக்கு ஏற்பாடு செய்துவிட்ட எழுத்து. அன்றன்றைக்கே உலர்ந்த துணியால் துடைத்தால் போய்விடும். நாள்கணக்கில் விட்டால் பிடித்துக்கொள்ளும். பிறகு ஈரத்துணி, அதற்கும் மசியாவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். பாத்திரம் தேய்க்கிற தூளோ கம்பி நாரோ பட்டால் மேற்பூச்சு கீறிவிடும். கீறலில் மை இறங்கி, பழைய எழுத்து ஆவி மாதிரி நிற்கும்.

எங்கள் வகுப்பறைப் பலகையில் அந்த ஆவிகள் ஏராளம். தேய்ப்புத்தூளை வாங்கிக் கொடுத்தது அலுவலகம். பலகை கெட்டதற்குத் திட்டு வாங்கியது அந்த அம்மா.

ஃப்ராய்ட் 1925இல் ஒரு விளையாட்டுச் சிலேட்டைப் பற்றி எழுதினார். மேல்தாளைத் தூக்கினால் எழுத்து மறையும், அடியிலுள்ள மெழுகில் தடம் இருக்கும். நினைவும் அப்படித்தான் என்றார். தெரிதா அதை எடுத்துக்கொண்டு, தடமில்லாத எழுத்து உண்டா என்று விசாரித்தார். நாமும் இருபது முப்பது வருஷமாகச் சிறுபத்திரிகைகளில் தடம், சுவடு, பிரதி என்று எழுதித் தீர்த்தோம். தாளைத் தூக்குகிற கை யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை.

இன்னொரு சம்பவம். யாரோ அழியாத மார்க்கரில் எழுதிவிட்டார்கள். நான் தண்ணீர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "அப்படிப் போகாது சார். அழியற மார்க்கரை எடுத்து அது மேலயே எழுதுங்க, ஒடனே தொடைங்க" என்றார் அந்த அம்மா. போய்விட்டது. புதிய மையின் கரைப்பான் பழைய மையைக் கரைக்கிறது என்பதைப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் செய்தே கண்டுபிடித்திருந்தார். எழுதத் தெரியாதவர் என்று நாம் ஒதுக்கிய ஒருவருக்கு, எழுத்தை அழிக்க அதன் மேலேயே எழுத வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

இப்போது வகுப்பு முடிந்ததும் பலகையை நானே துடைத்துவிட்டுத்தான் வருகிறேன். இதனால் எந்த அதிகாரமும் கட்டுடைந்துவிடவில்லை. மற்ற வகுப்பறைகளில் அவர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்: "சார், அழிக்கட்டுமா, வேணாமா?"