சட்டைப்பைக்குள் ஒரு சீட்டுப் போர்

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியக் கப்பல்கள் ஜப்பான் கரையைத் தொட்டன. துப்பாக்கி இறங்கியது, கிறித்தவம் இறங்கியது, மாலுமிகளோடு சீட்டுக்கட்டும் இறங்கியது. ஜப்பானியர்கள் அந்தச் சீட்டுகளைத் தங்கள் கைப்படத் திரும்ப வரைந்துகொண்டார்கள். பந்தயம் கட்டி ஆடத் தொடங்கினார்கள். சூதாட்டம் பெருகவே ஆட்சியாளர்கள் தடை போட்டார்கள். ஒரு வகைக் கட்டைத் தடைசெய்தால் வேறு படங்களோடு இன்னொரு கட்டு முளைத்தது. அதற்கும் தடை வந்தது. பல தலைமுறைகள் நீண்ட இந்தத் துரத்தலில், எண்களே இல்லாத ஒரு சீட்டுக்கட்டு பிறந்தது.

அதன் பெயர் ஹனாஃபுடா. ஆண்டின் 12 மாதங்களுக்கு 12 தாவரங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு சீட்டுகள், ஆக 48. ஜனவரிக்குப் பைன், பிப்ரவரிக்குப் பிளம், மார்ச்சுக்குச் செர்ரி. பார்ப்பதற்கு இயற்கைக் காட்சி. ஆடத் தெரிந்தவர்களுக்கு அதே பழைய சூது. மெய்ஜி காலத்தில் அரசு பிடியைத் தளர்த்தியதும், கியோட்டோ நகரில் ஃபுசாஜிரோ யமாவுச்சி என்ற கைவினைஞர் 1889இல் ஒரு சிறு கடை திறந்து இந்தச் சீட்டுகளைத் தயாரிக்க ஆரம்பித்தார். மல்பெரி மரப்பட்டைக் கூழில் செய்த தாள், கையால் தீட்டிய வண்ணம். கடைக்கு அவர் வைத்த பெயர் நிண்டெண்டோ. சரக்கு நன்றாக விற்றது. ஆனால் சூதாட்ட விடுதிகளின் வாடை மட்டும் அந்தச் சீட்டுகளை விட்டுப் போகவில்லை.

வாடையைப் போக்கியவர் அவருடைய கொள்ளுப்பேரன். 1949இல், 21 வயதில், ஹிரோஷி யமாவுச்சி கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். 1956இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகருக்குப் போய், உலகின் மிகப் பெரிய சீட்டு நிறுவனத்தைப் பார்த்தார். பிரம்மாண்டத்தை எதிர்பார்த்துப் போனவருக்கு அதன் சாதாரண அலுவலகம் பேரதிர்ச்சியாக இருந்தது. இந்தத் தொழிலின் உச்சியே இவ்வளவுதானா? அந்தக் கேள்வியோடு ஊர் திரும்பியவர் 1959இல் டிஸ்னியோடு ஒப்பந்தம் போட்டார். மிக்கி மவுஸும் அதன் கூட்டாளிகளும் நிண்டெண்டோ சீட்டுகளில் அச்சேறினார்கள். அதுவரை சீட்டைத் தொடக்கூடாத பொருளாகப் பார்த்த குடும்பங்கள், குழந்தைகளுக்காக அதை வீட்டுக்குள் அனுமதித்தன. நிண்டெண்டோ, டிஸ்னி, சீட்டுக்கட்டு. இந்த மூன்றும் மறுபடி ஓரிடத்தில் சந்திக்க 45 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இடைப்பட்ட காலத்தில் நிண்டெண்டோ தடுமாறியது. சீட்டு மோகம் வடிந்தது. டாக்ஸி ஓட்டிப் பார்த்தார்கள், உடனடிச் சோறு விற்றுப் பார்த்தார்கள், எதுவும் கைகொடுக்கவில்லை. 1965இல் சீட்டு அச்சிடும் இயந்திரங்களைப் பராமரிக்க குன்பெய் யோகோய் என்ற இளைஞரை வேலைக்கு எடுத்தார்கள். ஓய்வு நேரத்தில் அவர் செய்து வைத்திருந்த, நீண்டு சுருங்கும் கை ஒன்று முதலாளியின் கண்ணில் பட்டது. திட்டு விழும் என்று பயந்தவருக்கு, அதைப் பொம்மையாக்கி விற்பனைக்குக் கொண்டுவா என்ற உத்தரவு கிடைத்தது. பல ஆண்டுகள் கழித்து, புல்லட் ரயிலில் ஒரு பயணி பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததை யோகோய் கவனித்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு விளையாட்டுக் கருவி செய்தால் என்ன? யோசனை தலைக்குள்ளேயே கிடந்தது. ஒருநாள் யமாவுச்சியின் கார் ஓட்டுநர் உடல்நலமில்லாமல் விடுப்பு எடுத்தார். வண்டி ஓட்டும் வேலை யோகோய் தலையில் விழுந்தது.

வழியில் பேச்சுக்குப் பேச்சாக அவர் அந்த யோசனையைச் சொன்னார். யமாவுச்சி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாரே தவிர, பெரிதாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் சில நாட்களில் கால்குலேட்டர் தயாரிப்பில் முன்னணியில் இருந்த ஷார்ப் நிறுவனத்தின் உயரதிகாரிகள் நிண்டெண்டோ வாசலில் வந்து நின்றார்கள். 1980இல் கேம் அண்ட் வாட்ச் பிறந்தது. 1989இல் கேம் பாய். சீட்டுக்கடை திறந்து சரியாக 100 ஆண்டுகள். 2001இல் கேம் பாய் அட்வான்ஸ் வந்தபோது கையடக்க விளையாட்டு உலகமே நிண்டெண்டோவின் பிடியில் இருந்தது. ஆனால் ஜப்பானின் மிகச் சிறந்த கதைசொல்லி நிறுவனங்களில் ஒன்று அந்த உலகத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

அது ஸ்கொயர். 1987இல் நிண்டெண்டோவின் கருவியில்தான் அவர்களுடைய ஃபைனல் ஃபேண்டஸி விளையாட்டுத் தொடர் பிறந்து வளர்ந்தது. 1990களின் நடுவில் உறவு முறிந்தது. காரணம் ஒரு பிளாஸ்டிக் டப்பி. நிண்டெண்டோ தன் அடுத்த கருவிக்கும் கேட்ரிட்ஜையே பிடித்துக்கொண்டது. ஸ்கொயர் மனத்தில் வைத்திருந்த காட்சிகள் அதில் அடங்காது. சோனியின் பிளேஸ்டேஷனோ குறுந்தகட்டில் ஓடியது. 1997இல் ஃபைனல் ஃபேண்டஸியின் ஏழாம் பாகம் சோனியிடம் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு பல ஆண்டுகளுக்கு நிண்டெண்டோ கருவிகளில் ஸ்கொயரின் புது விளையாட்டு எதுவும் வரவில்லை. அந்தப் பிரிவுக் காலத்தில்தான் ஸ்கொயருக்குள் இரண்டு பேர் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஷின்ஜி ஹாஷிமோட்டோவும் ஹிரோனோபு சகாகுச்சியும் நிண்டெண்டோவின் சூப்பர் மேரியோ 64 பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். முப்பரிமாண உலகத்தில் இஷ்டத்துக்கு ஓடித் திரியும் அப்படி ஒரு விளையாட்டு நாமும் செய்ய வேண்டும். ஆனால் மேரியோவுக்கு ஈடுகொடுக்க டிஸ்னி அளவுக்குப் புகழ்பெற்ற பாத்திரங்கள் அல்லவா வேண்டும்? பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த டெட்சுயா நொமுரா, அந்த விளையாட்டை நான் செய்கிறேன் என்று முன்வந்தார். அதுவரை பாத்திரங்களை வரைந்தவர். ஒரு விளையாட்டைக்கூட இயக்கியதில்லை. ஸ்கொயரும் ஜப்பான் டிஸ்னியும் ஒரே கட்டடத்தில் இருந்தன. ஹாஷிமோட்டோ லிஃப்ட்டில் ஏறியபோது உள்ளே டிஸ்னி அதிகாரி ஒருவர் இருந்தார். அந்த லிஃப்ட் பேச்சு 2002இல் பிளேஸ்டேஷன் 2இல் கிங்டம் ஹார்ட்ஸாக முடிந்தது. பெரிய சாவி வடிவிலான வாளோடு சோரா என்ற சிறுவன். துணைக்கு டொனால்ட் வாத்தும் கூஃபியும். பெரும் வெற்றி. இரண்டாம் பாகத்துக்கு நொமுரா தயாரானார். அப்போது ஒரு சிக்கல் வந்தது.

இரண்டாம் பாகம், முதல் பாகம் முடிந்து ஓராண்டு கழித்துத் தொடங்குவதாக இருந்தது. அந்த ஓராண்டில் என்ன நடந்தது? இடைவெளியை நிரப்ப ஒரு கதை வேண்டும். கிங்டம் ஹார்ட்ஸைக் கேம் பாய் அட்வான்ஸில் ஆட ஆசைப்படும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்ற செய்தியும் நொமுராவின் காதுக்கு வந்தது. அதற்குள் பழைய மனத்தாங்கல் தீர்ந்து, 2002இல் ஸ்கொயர் நிண்டெண்டோவின் கையடக்கக் கருவிக்குத் திரும்பியிருந்தது. கதவு திறந்துவிட்டது. நொமுராதான் தயங்கினார்.

தயக்கத்தில் நியாயம் இருந்தது. கிங்டம் ஹார்ட்ஸின் உயிரே முப்பரிமாண ஓட்டம்தான். கேம் பாய் அட்வான்ஸின் திரையோ 240க்கு 160 புள்ளிகள். தட்டையான இரு பரிமாணப் படங்களுக்காகச் செய்யப்பட்டது. விரலுக்குக் கிடைப்பவை ஒரு திசைப் பொத்தான், ஏ, பி, மேலே இரண்டு தோள் பொத்தான்கள், ஸ்டார்ட், செலக்ட், அவ்வளவே. ஸ்கொயர் எந்தச் சிறிய டப்பியைக் காரணம் காட்டி ஒரு காலத்தில் நிண்டெண்டோவை விட்டு வெளியேறியதோ, அதைவிடச் சிறிய டப்பிக்குள் இப்போது டிஸ்னி உலகங்களையே அடைக்க வேண்டும். குழந்தைகளின் ஆசைக்காக நொமுரா மனம் மாறினார். ஆனால் முப்பரிமாணச் சண்டையை இதில் எப்படிக் கொண்டுவருவது?

வேலையில் பங்கேற்க ஜூபிடர் என்ற நிறுவனம் வந்தது. போக்கிமான் பின்பால், பிக்ராஸ் போன்ற சின்னத்திரை விளையாட்டுகளில் கை தேர்ந்தவர்கள். அவர்களின் ஊர் கியோட்டோ. ஹனாஃபுடா அச்சான அதே கியோட்டோ. 2004 நவம்பரில் ஜப்பானிலும் அடுத்த மாதம் அமெரிக்காவிலும் அந்த விளையாட்டு வெளியானது: கிங்டம் ஹார்ட்ஸ்: செயின் ஆஃப் மெமரீஸ். டப்பியைச் செருகிப் பொத்தானை அழுத்தியவர்களுக்கு முதல் வியப்பு, அந்தக் குட்டித் திரையில் சினிமா போல ஓடிய அசைபடக் காட்சிகள். இரண்டாவது வியப்பு, முதல் எதிரியைத் தொட்டதும் வந்தது.

வாளை வீசப் பொத்தானை அழுத்தினால், வாளுக்கு முன் ஒரு சீட்டு இறங்கியது. கூடவே எதிரியும் ஒரு சீட்டை இறக்கினான்.

ஒவ்வோர் அடிக்கும் ஒரு சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் 0 முதல் 9 வரை ஓர் எண். பெரிய எண் சிறியதை வெட்டும். வெட்டுப்பட்டவனின் அடி பாதியில் நின்றுபோகும், அவனும் தடுமாறி நிற்பான். சம எண்கள் மோதினால் இரண்டும் கழியும். இதெல்லாம் நடக்கும்போது சோரா திரையில் ஓடிக்கொண்டும் குதித்துக்கொண்டும் இருக்கிறான். தோள் பொத்தான்களால் கட்டைப் புரட்டிக்கொண்டே எதிரியின் அடியிலிருந்து விலகவும் வேண்டும். சீட்டாட்டம் என்றால் உட்கார்ந்து யோசித்து ஆடுவது என்று பழகிய கைக்கு இது புரியவே நேரம் பிடித்தது. பழைய பழக்கத்தில் பொத்தானைப் படபடவென்று அழுத்தியவர்களின் கட்டு சில நொடிகளில் தீர்ந்தது. தீர்ந்த கட்டை மீண்டும் அடுக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்து நிற்க வேண்டும். அடுக்க அடுக்க, ஓர் எல்லைவரை காத்திருப்பு நீண்டது. அந்த இடைவெளியில் எதிரி சும்மா இருப்பானா?

தோற்றுத் தோற்றுத்தான் பூஜ்யத்தின் அருமை தெரிந்தது. முதலில் இறக்கினால் பூஜ்யத்தை எந்தச் சீட்டும் வெட்டிவிடும். எதிரி இறக்கிய பிறகு அதன்மேல் இறக்கினாலோ, எதிரில் கிடப்பது எவ்வளவு பெரியதானாலும் பூஜ்யம் அதை வெட்டும். உதவாத சீட்டு என்று ஒதுக்கியவர்கள் அதைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றத் தொடங்கினார்கள். இந்த ஒரு விதிக்காகவே இதை உருவாக்கியவர்களைக் கும்பிடலாம். அத்தோடு நிற்கவில்லை. மூன்று சீட்டுகளைச் சேர்த்து ஒரே வீச்சாக இறக்கலாம். எண்கள் கூடிப் பெரிதாகும், தனிச் சீட்டால் வெட்டுவது கடினம், சரியான மூன்றும் சேர்ந்தால் தனி வித்தையே பிறக்கும். விலையும் உண்டு: அந்த மூன்றில் முதல் சீட்டு அந்தச் சண்டை முடியும்வரை கட்டுக்குத் திரும்பாது. பலம் காட்டக் காட்டக் கட்டு மெலிந்தது.

இந்த விதியைக் கதையோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் இந்த விளையாட்டின் உண்மையான உயரம் தெரிகிறது. சோரா நுழையும் கோட்டை நினைவுகளைத் தின்னும் கோட்டை. முதல் பாகத்தில் கற்ற வித்தைகள் அனைத்தும் வாசலிலேயே மறந்துபோகின்றன. அவன் பார்த்த உலகங்கள் சீட்டுகளாகின்றன. கதவில் ஒரு சீட்டைக் காட்டினால் அவன் நினைவிலிருந்தே ஓர் உலகம் எழுகிறது. அலாதீனின் நகரமும் ஹெர்குலிஸின் அரங்கமும் மறுபடி வந்தன. பழைய இடங்களையே மீண்டும் காட்டும் நெருக்கடி, கதையின் காரணமாகவே மாறிவிட்டது. மாடி ஏற ஏற, சோரா தன் அன்புக்குரியவர்களை மறந்துகொண்டே போகிறான். கைகளோ ஒவ்வொரு பெரிய வீச்சுக்கும் ஒரு சீட்டை இழந்துகொண்டிருக்கின்றன. சண்டையில் நடப்பதும் மனத்தில் நடப்பதும் ஒன்றே என்று வசனத்தில் யாரும் விளக்கவில்லை. விளக்காததால்தான் அது விரல்களில் உறைத்தது. சோராவின் கதை முடிந்ததும் நண்பன் ரிக்குவின் கதை திறந்தது. அவனுக்குக் கட்டை மாற்றியமைக்கும் உரிமையே இல்லை, கொடுத்ததை வைத்து ஆட வேண்டும். அவன் விதியும் அப்படித்தான் இருந்தது.

எல்லோரும் கொண்டாடவில்லை. கதையைப் புகழ்ந்த விமர்சகர்களிலேயே பலருக்குச் சீட்டுச் சண்டை பிடிபடவில்லை. கையடக்கக் கருவிக்கான துணைக்கதை என்று நினைத்துப் பிளேஸ்டேஷன் ரசிகர்கள் பலர் இதைத் தொடாமலே விட்டார்கள். அதற்கான பதில் 2005 டிசம்பரில் வந்தது. இரண்டாம் பாகத்தைத் திறந்தால் அறிமுகமே இல்லாத ஒரு சிறுவன் திரையில் உலாவினான். சோரா எங்கே? ஓராண்டாகத் தூங்குகிறான். ஏன் தூங்குகிறான், யார் தூங்க வைத்தார்கள்? விடை முழுதும் அந்தச் சின்ன டப்பிக்குள் இருந்தது.

ஆகவே அதைப் பிளேஸ்டேஷன் 2இல் புதிதாகச் செய்ய முடிவெடுத்தார்கள். 2007 மார்ச்சில் ஜப்பானில் வெளியானது. இப்போது திரை பெரியது, உலகம் முப்பரிமாணம், பொத்தான்கள் தாராளம். நொமுரா முன்பு தயங்கிய காரணங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. முதல் பாகத்தைப் போலவே தடையில்லாமல் வாளை வீசியிருக்கலாம். முதல் எதிரியைத் தொட்டதும் திரையின் மூலையில் சீட்டுக்கட்டு விரிந்தது.