நிலவறையில் ஒரு மலைநாடு

பொம்மை ரயில் என்றால் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். ஜான் ஆலன் என்ற அமெரிக்கரின் கதையைப் படித்த பிறகு கட்சி மாறிவிட்டேன்.

ஆலன் 1913-ல் பிறந்தவர். தொழில் புகைப்படக் கலை. கலிபோர்னியாவில் மான்ட்டெரே என்ற கடற்கரை ஊரில் வசித்தார். 1946 வாக்கில் வீட்டிலே ஒரு சிறு ரயில் பாதை போடத் தொடங்கினார். அசல் ரயிலை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கிய அளவு அது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 16.5 மில்லிமீட்டர்தான். சிறிது காலத்தில் இடம் போதவில்லை, விரித்துக் கட்டினார். பிறகு வேறொரு வீட்டின் நிலவறையில் மூன்றாவது முறையாக ஆரம்பித்தார். முதலில் போட்ட சின்னப் பாதையைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. அதையும் புதியதற்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்.

'கோரி அண்டு டிஃபீட்டட்' என்று தம் ரயிலுக்குப் பெயர் வைத்தார். எழுத்தைப் பார்த்தால் இரண்டு கற்பனை ஊர்களின் பெயர். வாய்விட்டுச் சொன்னாலோ, 'ரத்தக்களரி, தோல்வி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களாகக் காதில் விழும். வேடிக்கைக்காக வைத்த பெயர்தான்.

தரையிலிருந்து கூரை வரை மலைகளை எழுப்பினார். பார்க்க வந்தவர்கள் பள்ளத்தாக்கில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கண்ணாடிகளை மறைத்து வைத்து, சின்ன இடத்தைப் பெரிய ஊராகக் காட்டினார். மற்றவர்கள் தங்கள் வண்டிகளைப் பளபளவென்று வைத்திருந்த காலத்தில், இவர் புது வண்டிக்குத் துருவும் கரியும் பூசினார். வீடுகளின் கூரையைச் சற்றே சரியவிட்டார். பழசாகாத உலகத்தை யாரும் நம்பமாட்டார்கள் என்ற ரகசியம் அவருக்குத் தெரிந்திருந்தது. கதை எழுதுகிற எனக்கு அது பாடமாகவே பட்டது.

கட்டுவது பாதி வேலை. காப்பது மற்றப் பாதி. இந்த ரயில்களுக்கு மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே சக்கரத்தில் ஏறுகிறது. தூசியும் களிம்பும் மெல்லிய படலமாகப் படிந்தால் போதும், எஞ்சின் திக்கித் திக்கி நின்றுவிடும். ஈரக் காற்றில் மரச்சட்டம் ஊதும், வறட்சியில் சுருங்கும். உஷ்ணத்தில் நீளுகிற தண்டவாளத்துக்கு இடைவெளி விடாவிட்டால் அது வளைந்துகொள்ளும். பாதை பிரிகிற இடத்தில் முனை மயிரிழை விலகினாலும் வண்டி தடம் புரளும். துடைப்பதும் சரிபார்ப்பதும் கோயிலின் நித்திய பூஜை மாதிரி, ஒருநாளும் முடிவதில்லை. ஏறத்தாழ இருபது வருஷம் அந்த நிலவறையில் ஆலன் பூஜை செய்தார். நண்பர்கள் மாலையில் கூடி, ஆளுக்கொரு பொறுப்பேற்று, கால அட்டவணைப்படி ரயில்களை ஓட்டினார்கள்.

1973 ஜனவரி 6-ஆம் தேதி ஆலன் மாரடைப்பால் இறந்தார். அப்போது வயது 59. பத்தே நாளில் அந்த வீட்டில் தீப்பிடித்தது. மலைநாட்டின் பெரும்பகுதி வெந்து சாம்பலாயிற்று. வேடிக்கைக்கு வைத்த பெயர் பலித்துவிட்டதோ என்று எனக்கு ஒரு கணம் மனம் துணுக்குற்றது.

எல்லோருக்கும் இப்படி நேர்வதில்லை. இங்கிலாந்தில் ஜான் அஹெர்ன் என்பவர் 'மேடர் வாலி' என்ற ரயில் பாதையைக் கட்டினார், 1961-ல் காலமானார். பழைய கிராமத்து வீடுகள் மறைந்து வருவதைக் கண்டு வருந்தி, அவற்றைச் சிறு உருவங்களாகவாவது காப்பாற்ற நினைத்த ராய் இங்கிலண்ட் என்ற ஆஸ்திரேலியர், 1954-ல் பெண்டன் காட்சிசாலையைத் தொடங்கியிருந்தார். அஹெர்னின் ரயில் அங்கே போய்ச் சேர்ந்தது. அதைத் துடைக்க வேறு கைகள் கிடைத்தன.

என் கதை ஒன்று எரிந்தாலும் வேறொரு வீட்டு அலமாரியில் இன்னொரு பிரதி இருக்கும். ஆலனின் நாட்டுக்கு ஒரே பிரதிதான். ஆயினும் அவர் எடுத்த புகைப்படங்கள் பிழைத்தன. ரயில் பொம்மைப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியராயிருந்த லின் வெஸ்ட்காட் அவரைப் பற்றி எழுதிய புத்தகம் 1981-ல் வெளிவந்தது. இன்று உலகில் எங்கோ ஒருவர் புத்தம் புது வண்டியை எடுத்து, பொறுமையாகத் துருப் பூசிப் பழசாக்கிக்கொண்டிருப்பார். ஆலனின் பெயர்கூட அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதனால் என்ன? நெருப்புக்கு அகப்படாதது அந்தக் கைப்பழக்கம் ஒன்றுதான்.