விதானையாரும் வட்டையும்: மட்டக்களப்பில் உத்தியோக நெறி பற்றிய சில குறிப்புகள்

கிராமத் தலைமைக்காரர் பதவி இலங்கையில் 1963 இல் ஒழிக்கப்பட்டது. அந்த இடத்துக்குக் கிராம சேவகர் வந்தார். பின்னர் அவர் கிராம உத்தியோகத்தர் ஆனார். ஆயினும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், எழுவானிலும் சரி படுவானிலும் சரி, சாதாரண சனங்கள் இன்றும் அவரை 'விதானை' என்றே அழைக்கின்றனர். பதவி போய்ப் பெயர் நிலைத்திருப்பது வெறும் பேச்சு வழக்கல்ல என்றே நான் கருதுகிறேன். ஊரவன் ஒருவன் ஊருக்கு அதிகாரியாக இருக்கும்போது எழும் சிக்கலும் அந்தப் பெயரோடு சேர்ந்து நம்மிடம் தங்கியிருக்கிறது. தன் வயலும் தன் உறவும் ஒரு பக்கம், கையிலுள்ள பொதுக்கடமை மறுபக்கம். இவ்விரண்டும் மோதும்போது என்ன செய்வது? நமது பிரதேச வரலாற்றை எழுதியோர் வன்னிமை, உடையார், விதானை என்று பட்டம் பெற்ற குடும்பங்களின் பெருமையை எழுதிய அளவுக்கு இந்தக் கேள்வியை எழுதவில்லை.

ஒல்லாந்தர் காலத்திலிருந்து தொடங்கலாம். கீழைத்தேய வர்த்தகக் கம்பனி தன் உத்தியோகத்தர் சொந்த வியாபாரம் செய்வதைத் தடைசெய்திருந்தது. ஆனால் கொடுத்த சம்பளமோ சொற்பம். விதி ஏட்டில் இருந்தது. வியாபாரம் துறைமுகத்தில் நடந்தது. மட்டக்களப்பின் ஒல்லாந்தத் தலைவர்களுள் நன்கறியப்பட்டவர் ஜேக்கப் பேர்னாண்ட். தனக்குப் பின் பொறுப்பேற்ற வம்பீக்குக்காக 1794 இல் அவர் எழுதிவைத்த குறிப்பேடு, இப்பகுதியின் நெற்செய்கை, நிலம், தலைமைக்காரர் பற்றி அறிய உதவும் முக்கிய ஆவணமாகும். அக்கால ஆட்சியாளர் எவராயினும் தலைமைக்காரரின்றி இங்கு ஒரு மரைக்கால் நெல்லும் திரட்ட முடியாது. 1795-96 இல் வந்த ஆங்கிலேயர் அதனை நன்றாகவே கற்றுக்கொண்டனர். பழைய தலைமைக்காரரை ஒதுக்கிச் சென்னையிலிருந்து வந்த அமில்தார்களையும் துபாசிகளையும் வைத்து வரி திரட்டினர். 1797 இல் கிளர்ச்சி வெடித்தது. டி மியூரன் குழு விசாரித்தது. பழைய முறை மீண்டது.

வெள்ளை அதிகாரிகளும் இந்நோய்க்குத் தப்பியவர்களல்லர். 1833 சீர்திருத்தத்தின்போது சிவில் சேவையாளரின் சம்பளம் குறைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் கோப்பிப் பயிர் பெருகியது. முடிக்குரிய காணியை விற்கும் பொறுப்பில் இருந்தோரே அதனை வாங்கித் தோட்டக்காரரும் ஆயினர். 1840களின் நடுப்பகுதியில் இலண்டன் தலையிட்டு, அரச சேவையாளர் இலாபத்துக்காகப் பயிர்ச்செய்கையிலும் வியாபாரத்திலும் ஈடுபடுவதைத் தடுத்தது, சம்பளத்தையும் உயர்த்தியது. தடையும் சம்பளமும் சேர்ந்து வந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அந்த ஏற்பாடு கச்சேரியின் மேல்மாடியோடு நின்றுவிட்டது. ஊரில் இருந்த தலைமைக்காரருக்கு அது இறங்கி வரவில்லை. அவருக்குக் கிடைத்தது ஒரு சிறு படியும் சமூக மதிப்பும்தான். நிலபுலன் உள்ளவரையே பதவிக்குத் தேடினர். அதாவது, நலன் உள்ளவராக இருப்பதே தகுதியாயிற்று.

இதன் விளைவை வயலில் காணலாம். நெல்வரி குத்தகைக்கு விடப்பட்ட காலத்தில், குத்தகைக்காரருக்கு அறிவிக்காமல் செய்கைக்காரர் கதிரில் கை வைக்க முடியாது. மழை இருட்டிக்கொண்டு வந்தாலும் காத்திருக்க வேண்டும். 1878 ஆம் ஆண்டின் தானியவரிச் சட்டமும் அதன் பின்வந்த மதிப்பீடுகளும், 1893 ஜனவரி முதல் வரி நீங்கும் வரை தொடர்ந்தன. இத்தகைய முறையில், இந்த வயல் எவ்வளவு விளையும், இது யாருடையது என்று ஊரில் சொல்லக்கூடியவருடைய வாய்ச்சொல்லுக்கு எவ்வளவு விலை இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

இதே மண்ணில் வேறொரு பதவியும் இருந்தது. அது வட்டை விதானை. வட்டை என்பது ஒரே நீரைப் பகிர்ந்துகொள்ளும் வயற்பரப்பு. 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் பழைய வழமைகளுக்கு உயிர்கொடுத்தபோது இப்பதவிக்கும் சட்டவலு சேர்ந்தது. எப்போது விதைப்பது, வேலியை எப்போது அடைப்பது, மாட்டை எப்போது வெளியேற்றுவது, மடையை யாருக்குத் திறப்பது என்பன அவருடைய பொறுப்பு. ஊதியம் அறுவடையில் செய்கைக்காரர் அளந்து கொடுக்கும் நெல். அவருக்கும் அதே வட்டையில் வயல் இருக்கும், மைத்துனருக்கும் இருக்கும். தண்ணீர் குறைந்த போகத்தில் முதலில் நனைவது எந்த வயல்? இன்றைய சட்ட மொழியில் இதுவே நலன்களின் முரண்பாடு. ஆயினும் வட்டை விதானையிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அவருடைய வயல் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அவருக்கு நெல் அளப்பவர்களே அவரைக் கண்காணிப்பவர்களும். காணி விடயத்தில் கச்சேரிக்கு அறிக்கை எழுதிய கிராம விதானையின் எழுத்தையோ ஊரவர் எவரும் காண்பதில்லை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் காணிக் கச்சேரி நடந்தபோது, காணியற்றவன் யார் என்பதற்கு அவருடைய சொல்லே பெரும் சாட்சியாயிற்று. வேறுபாடு மனிதருடைய குணத்தில் இல்லை. ஒன்று வெளிச்சத்தில் நடந்தது, மற்றது கடதாசிக் கட்டுக்குள் நடந்தது.

அதே 1935 இல் தலைமைக்கார முறை பற்றி ஆராய்ந்த ஆணைக்குழு, பெரிய தலைமைக்காரருக்குப் பதிலாக இடமாற்றம் பெறக்கூடிய காரியாதிகாரிகளை நியமிக்கும்படி சிபாரிசு செய்தது. 1946 அளவில் அம்மாற்றம் நிறைவேறியது. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வட்டை விதானையின் இடத்தில் பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்தது. 1954 இல் இலஞ்சச் சட்டம், 1975 இல் சொத்துக்கள் பொறுப்புக்கள் வெளிப்படுத்தும் சட்டம், 1994 இல் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுச் சட்டம் என வரிசையாக வந்தன. தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியும், உத்தியோகத்தர் தன் சொந்த நலனைப் பொதுக்கடமையோடு மோதவிடலாகாது என்கிறது. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் மேற்கூறிய மூன்று சட்டங்களையும் நீக்கி ஒன்றாக்கி, நலன் முரண்பாட்டையும் குற்றங்களுள் சேர்த்துள்ளது.

முஸ்லிம்களாகிய நமக்கு இதிலுள்ள அடிப்படை புதியதன்று. பனூ சுலைம் கோத்திரத்தாரிடம் ஸகாத் திரட்டச் சென்ற இப்னுல் லுத்பிய்யா திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று பிரித்து வைத்தபோது, தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. கிடைத்தது அந்த மனிதருக்கா, அவர் வகித்த பதவிக்கா என்பதே அங்கு எழுந்த கேள்வி. உமர் (ரழி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போது அவர்களின் சொத்தைக் கணக்கெடுத்து வைத்தார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். இதனை மிம்பரில் கேட்டுக் கண்கலங்குவோம். கந்தோரில் நமக்கு வேண்டியவர் இருக்கும்போது மறந்துவிடுவோம்.

இடமாற்றம் ஒன்றே மருந்தாகுமா? இங்குதான் வாவிக்கரையின் அனுபவம் விதிப்புத்தகத்தோடு பொருந்த மறுக்கிறது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளின் பின், இரு சமூகங்களுக்கும் இடையே நம்பிக்கை சிதைந்திருந்த ஆண்டுகளில், வெளியிலிருந்து வரும் அதிகாரியை நடுநிலையாளராக ஊர் பார்க்கவில்லை. தமிழ்க் கிராமமும் அப்படியே. முஸ்லிம் கிராமமும் அப்படியே. நம்மவர் நமக்கு வேண்டும் என்று கேட்டோம். அந்தக் கோரிக்கை அச்சத்தில் பிறந்தது. அதனைச் சுயநலம் என்று தள்ளிவிட என்னால் முடியாது. ஆனால் நம்மவர் வந்தபின், நம்மவருள் யார் என்ற கேள்வி வந்தது. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை அதனை முகத்துக்கு நேரே நிறுத்தியது. மாதம் 5,000 ரூபாய்க் கொடுப்பனவுக்கும், முற்றாக அழிந்த வீட்டுக்கான 250,000 ரூபாய் உதவிக்கும், கிழக்கில் 200 மீற்றர் கரையோர வலயத்துக்குள் அகப்பட்டோரின் மாற்று வீட்டுக்கும் பெயர்ப்பட்டியல் வேண்டியிருந்தது. பட்டியல் தயாரித்த கிராம உத்தியோகத்தருள் தாமே வீடும் உறவும் இழந்தவர்களும் இருந்தனர். அழுதுகொண்டே எழுதியவர்களிடம் நடுநிலை கேட்டது அரசாங்கம். அவர்களுள் நேர்மையானோர் பட்ட பாட்டையும் வரலாறு பதிய வேண்டும்.

ஊரவரை நியமிப்பதா, வெளியாரை நியமிப்பதா என்ற விவாதம் ஆகவே முடிவற்றது. எனது அபிப்பிராயம் வட்டையிலிருந்து வருகிறது. ஊரவரே இருக்கட்டும். தன் குடும்பத்தின் விண்ணப்பம் வரும்போது அதனை அயற்பிரிவு அதிகாரியிடம் கொடுத்துவிட்டு அவர் விலகி நிற்கட்டும். பட்டியல் கந்தோர்ப் பலகையிலும் பள்ளிவாசல், கோயில் சுவரிலும் ஒட்டப்படட்டும். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கேட்கும் உரிமையைத் தந்துவிட்டது. கேட்பதற்கு நாம்தான் வெட்கப்படுகிறோம். கேட்டால் மச்சான் கோபிப்பார் என்கிறோம்.

இதே அளவுகோல் நம் பள்ளிவாசல்களுக்கும் பொருந்த வேண்டும். வக்பு வயலைக் குத்தகைக்கு விடும் நம்பிக்கையாளர் சபையில், குத்தகை எடுப்பவரின் சகோதரர் உட்கார்ந்திருக்கலாமா? 1956 ஆம் ஆண்டின் வக்புச் சட்டம் அந்தச் சபையைப் பதிவு செய்யும், கணக்குக் கேட்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வரும் சனங்கள் கேட்காவிட்டால் அந்தக் கணக்கு இன்னொரு கடதாசிக் கட்டாகவே முடியும். அரசாங்க விதானையிடம் நேர்மை கேட்கும் ஊர், தன் மரைக்காரிடமும் அதைக் கேட்டுப் பழக வேண்டும்.