தூரத்தைத் துரத்தியவர்கள்: டார்ச் லைட்டின் இன்னொரு வரலாறு

டார்ச் லைட் வாங்கப் போனால் இன்று முதலில் காதில் விழும் வார்த்தை லூமென். ஆயிரம், அஞ்சாயிரம், பத்தாயிரம் என்று எண் ஏறிக்கொண்டே போகும். லூமென் கூடக் கூட தூரமும் கூடும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் மரத்தைக் காட்டுகிற டார்ச்சைச் சொந்தமாகச் செய்துகொள்ளும் ஆர்வலர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அதற்காக அவர்கள் செய்த முக்கியமான வேலைகளில் ஒன்று, விளக்கின் மொத்த வெளிச்சத்தைக் குறைத்தது! கேட்க வேடிக்கையாக இருந்தாலும் இதற்குப் பின்னால் 200 வருஷக் கதை இருக்கு. மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு ராத்திரி நேரத்துத் தோண்டல் வேலை இது. கிடைத்ததைக் குறித்து வைக்கிறேன்.

முதலில் இரண்டு அளவுகளைப் பிரித்துக்கொள்வோம். விளக்கு எல்லாப் பக்கமும் சேர்த்துக் கொட்டுகிற மொத்த வெளிச்சம் லூமென். ஒரு திசையில் அது எவ்வளவு செறிவாகப் போகிறது என்பது கேண்டெலா. தோட்டத்து ஹோஸ் பைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அதேதான், வாயை விரலால் அமுக்கினால் தூரத்துச் செடிக்குப் போகும். தூரத்தை முடிவு செய்வது கேண்டெலாதான்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஃப்ரெனெல். 1823 ஜூலையில், ஜிரோந்த் ஆறு கடலில் சேரும் இடத்திலுள்ள கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அவருடைய லென்ஸ் ஏற்றப்பட்டது. உள்ளே எரிந்தது பல திரிகள் கொண்ட எண்ணெய் விளக்கு, அவ்வளவுதான். அதைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கண்ணாடி வளையங்களை அடுக்கி, சிதறிப்போகும் வெளிச்சத்தைக் கடல் பக்கம் திருப்பிவிட்டார்.

அப்படியானால் லென்ஸை வைத்து வெளிச்சத்தை இஷ்டத்துக்குச் செறிவாக்க முடியுமா? முடியாது என்று 1864-ல் காட்டினார் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ். எந்தக் கண்ணாடியும் எந்த லென்ஸும் ஒளியை, அது கிளம்பிய பரப்பைவிடப் பிரகாசமாக்க முடியாது. முடிந்தால் குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பம் தானாகவே ஏறிவிடும்; வெப்பவியலின் இரண்டாம் விதி உடைந்துபோகும். நேர் எதிரே தொலைவில் நின்று பார்த்தால், நல்ல டார்ச்சின் லென்ஸ் முழுவதும் உள்ளே எரியும் சின்னப் புள்ளியின் பிரகாசத்தோடு தெரியும், அதற்கு மேல் போகாது. ஆக, கணக்கு ரொம்பச் சுலபம்: மேற்பரப்புப் பிரகாசம் பெருக்கல் லென்ஸின் பரப்பளவு. இதில் லூமென் எங்கேயும் வரவில்லை, கவனியுங்கள்.

கையில் பிடிக்கும் டார்ச்சின் பிறப்பு இதற்கெல்லாம் பிறகு. 1899 ஜனவரி 10-ல் டேவிட் மிசெல் என்பவருக்கு அமெரிக்கக் காப்புரிமை 617592 கிடைத்தது. உரிமை போய்ச் சேர்ந்தது கான்ராட் ஹியூபர்ட்டின் கம்பெனிக்கு. அதுதான் பின்னாளில் எவரெடி. அந்தக் காலத்துப் பேட்டரியால் தொடர்ந்து எரிய வைக்க முடியவில்லை. அழுத்தினால் பளிச், கொஞ்சம் ஓய்வு, மறுபடி பளிச். அமெரிக்கர்கள் அதை ஃப்ளாஷ்லைட் என்று கூப்பிட்டது அதனால்தான். பிரிட்டிஷ்காரர்கள் தீப்பந்தத்தின் பெயரையே வைத்தார்கள்; நம்ம ஊருக்கு வந்தது அந்த டார்ச். கார்பன் இழை போய் 1910-ஐ ஒட்டி டங்ஸ்டன் இழை வந்தபோது பிரகாசம் கூடியது. ஆனாலும் கைவிளக்கு பக்கத்து வரப்பைப் பார்ப்பதற்குத்தான் லாயக்காக இருந்தது.

தூரம் என்பது ராணுவத்தின் கையில் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களைத் தேட அமெரிக்க ராணுவம் வைத்திருந்த 60 அங்குலத் தேடொளி விளக்குக்குச் சொல்லப்படும் அளவு 80 கோடி கேண்டில்பவர். உள்ளே கார்பன் ஆர்க். பக்கத்தில் தனி ஜெனரேட்டர். இந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 அங்குலக் கண்ணாடியின் பரப்பு சுமார் 18 லட்சம் சதுர மில்லிமீட்டர். வகுத்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 440 கேண்டெலா. சூரியனின் மேற்பரப்புக்கு இது சுமார் 1600. அதாவது சூரியப் பிரகாசத்தில் நாலில் ஒரு பங்கு!

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 1996-ல் நிச்சியா வெள்ளை எல்இடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பத்து வருஷத்தில் எல்இடிகள் டார்ச்சுக்குத் தேவையான சக்தியை எட்டிவிட்டன. கம்பெனிகளின் கவனம் லூமென் பக்கம். வீட்டு விளக்குக்கும் தெரு விளக்குக்கும் அதுதானே வேண்டும். தூரத்தில் ஆசை கொண்டவர்கள் பழைய கணக்கைக் கையில் எடுத்தார்கள்.

எல்இடியின் மேல் சிலிக்கோனில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். உள்ளே சிக்கும் வெளிச்சத்தை வெளியே எடுக்க அது உதவுகிறது. ஆனால் பூதக்கண்ணாடி மாதிரி, ஒளிரும் பரப்பையும் பெரிதாகக் காட்டிவிடுகிறது. ஆர்வலர்கள் அந்தக் குமிழைப் பெட்ரோலில் ஊறவைத்தும், பிளேடால் சீவியும் எடுத்தார்கள். மொத்த வெளிச்சம் குறைந்தது, பரப்புச் சுருங்கியதால் பிரகாசம் கூடியது, ஒளிக்கற்றை நீண்டது. மயிரிழைபோன்ற இணைப்புக் கம்பி அறுந்து செத்துப்போன எல்இடிகள் ஏராளம். அடுத்து, பக்கவாட்டில் போகும் வெளிச்சத்தைத் திரும்ப எல்இடி மேலேயே அடிக்கும் ஒரு குழிந்த கண்ணாடி வளையத்தைப் பொருத்தினார்கள். திரும்பி வந்த ஒளி பாஸ்பரில் பட்டு மறுபடி சிதறி, நடு ஓட்டை வழியாக வெளியேறும். கிளாசியஸ் விதி உடையவில்லை. ஒளி கிளம்பும் பரப்பே இன்னும் பிரகாசமாகிவிட்டது. பிறகு, காரின் முன்விளக்குக்காகக் குமிழே இல்லாத தட்டை எல்இடிகள் வந்தன. அதற்கும் மேலே, நீல லேசரைப் பாஸ்பர் புள்ளியில் குவிக்கும் முறை. 2014-ல் பிஎம்டபிள்யூ ஐ8 காரில் வந்து, சில வருஷத்தில் கைவிளக்குக்கும் இறங்கிவிட்டது.

நல்ல தட்டை எல்இடி சதுர மில்லிமீட்டருக்கு 200 கேண்டெலாவைத் தாண்டும். போர்க்கால ஆர்க்கில் ஏறக்குறைய பாதி! அப்போ அந்த ராட்சத விளக்குக்கும் கைவிளக்குக்கும் பெரிய வித்தியாசம் எதில்? கண்ணாடியின் விட்டத்தில். அதனால்தான் இவர்கள் லேத்தில் கடைந்து செய்யும் டார்ச்சுகளுக்கு உடம்பு சின்னதாகவும் தலை பெரிசாகவும் இருக்கும்.

சரி, இது வெறும் பொழுதுபோக்கா? அணையில் மறுகரையில் ஆளைத் தேடுபவருக்கு, மலைச்சரிவில் வழி தவறியவரைத் தேடுபவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். பரவலாகக் கொட்டும் பத்தாயிரம் லூமென், பனிமூட்டத்தில் எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பிவிடும். பெட்டியில் இருக்கும் எண்ணை நம்பி வாங்கியவர் அந்த நேரத்தில்தான் விஷயத்தைத் தெரிந்துகொள்வார். அதே சமயம், இப்படிக் குவிந்த ஒளியை வாகன ஓட்டி மேலோ விமானம் மேலோ அடிப்பது உயிரோடு விளையாடுவது.

2009-ல் அமெரிக்காவில் வந்த எஃப்எல்1 தரநிலை தூரத்துக்கு ஒரு வரையறை கொடுத்தது: வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம், அதாவது பௌர்ணமி நிலவொளி அளவு. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம் வந்துவிடும். 1 லட்சம் கேண்டெலாவுக்கு 632 மீட்டர். 4 லட்சத்துக்கு 1265. தூரம் இரட்டிக்க நாலு மடங்கு கேண்டெலா வேண்டும். லென்ஸின் விட்டத்தை இரட்டித்தாலும் போதும். ஆனால் அங்கே விழுவது நிலவொளி மட்டுமே. அது பொருளில் பட்டு உங்கள் கண்ணுக்குத் திரும்பி வரவும் வேண்டும். அதனால் வெறும் கண்ணுக்கு உருப்படியாகத் தெரிவது இதைவிட ரொம்பக் குறைவு.

பெட்டியை நம்பத் தேவையில்லை, நீங்களே அளக்கலாம். ஒரு லக்ஸ் மீட்டரை 10 மீட்டர் தள்ளி வைத்து, ஒளியின் நடுப்புள்ளி அதன்மேல் விழும்படி அடியுங்கள். வரும் எண்ணை 100-ஆல் பெருக்கினால் கேண்டெலா. 4000 லக்ஸ் காட்டினால் 4 லட்சம். பெட்டியில் "2 கிலோமீட்டர்" என்று போட்டிருந்தால் மீட்டர் 10,000 லக்ஸ் காட்ட வேண்டும். காட்டுதா, பாருங்க.