பழைய கடனின் விலை என்ன?

பெரியமடுவில் எங்கள் அயல்வீட்டு அக்காவின் படலையில் அண்மையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஏழு வருடத்துக்கு முன் குழுவாக எடுத்த நுண்கடன். இரண்டு போகம் தொடர்ந்து பிழைத்ததால் கட்டுக்காசு இடையில் நின்றுபோனது. வந்தவர் முன்பு வந்துபோன கம்பனி ஆள் அல்ல. "முழுக்க வேண்டாம் அக்கா, இண்டைக்கு ஒரு ஐந்நூறு தாங்கோ, காணும்" என்றார். ஐம்பதினாயிரம் ரூபா நிலுவைக்கு ஐந்நூறு எதற்கு? அதைத் தேடிப் பார்த்தபோது தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கட்டாத கடன் மூன்று வழிகளில் அறவிடப்படுகிறது. கம்பனி தன் ஊழியரை அனுப்பும். அல்லது கழிவு அடிப்படையில் வெளியாளிடம் ஒப்படைக்கும். அறவிட்ட காசில் ஒரு பங்கு அவருக்கு. மூன்றாவது, கடனையே விற்றுவிடுவது. எங்கள் ஊர்களில் நாம் காண்பது பெரும்பாலும் முதல் இரண்டும்தான். ஆனால் கடனின் உண்மையான பெறுமதி மூன்றாவதில்தான் வெளிச்சத்துக்கு வருகிறது.

அமெரிக்காவில் கடன் வாங்கும் கம்பனிகள் பல உண்டு. அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழு அவற்றில் ஒன்பதை ஆராய்ந்து 2013இல் அறிக்கை வெளியிட்டது. ஒரு டொலர் கடனுக்கு அவை கொடுத்த சராசரி விலை 4 சதம். மூன்று வருடத்துக்கு உட்பட்ட கடனுக்கு 7.9 சதம், மூன்று முதல் ஆறு வருடமானதற்கு 3.1 சதம், ஆறு முதல் பதினைந்து வருடமானதற்கு 2.2 சதம். அதற்கும் பழையதற்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை. அந்த விலைப்படி எங்கள் அக்காவின் ஐம்பதினாயிரம் ரூபாக் கடன் 1,100 ரூபாதான் பெறும்.

விலையை முதலில் தீர்மானிப்பது கடனின் வயது. முன்பு எத்தனை பேர் அறவிட முயன்று தோற்றார்கள், கையொப்பமிட்ட பத்திரம் இருக்கிறதா, வழக்குப் போட இன்னும் காலம் உண்டா என்பனவும் பார்க்கப்படும். பெரும்பாலான விற்பனைகளில் பெயரும் தொகையும் கொண்ட பட்டியல்தான் கைமாறுகிறது. பத்திரங்கள் சேர்ந்து வருவதில்லை.

இலங்கையில் எழுத்துமூல ஒப்பந்தக் கடனுக்கு, அது மீறப்பட்ட நாளிலிருந்து பொதுவாக ஆறு வருடத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். ஈட்டுக் கடனுக்குப் பத்து வருடம். இது 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் உள்ளது. ஆனால் இடையில் ஒரு பகுதியைக் கட்டினாலோ, கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாலோ அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்க இடமுண்டு. ஐந்நூறு ரூபாவின் பெறுமதி அதுதான். செத்த கடனுக்கு அது உயிர் கொடுக்கலாம்.

எங்கள் நாட்டிலும் ஒருமுறை பெருந்தொகையான கடனை ஒருவர் பொறுப்பேற்றார்: அரசாங்கம். 2018இல் நிதியமைச்சர் மங்கள சமரவீர அறிவித்த திட்டத்தில், வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன் எடுத்து, மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் நின்ற பெண்கள் சேர்க்கப்பட்டனர். மன்னாரும் அதில் ஒன்று. சுமார் 45,000 பெண்கள், 140 கோடி ரூபா. சராசரியாக ஒருவருக்கு 31,000 ரூபா. காசு போனது கம்பனிகளுக்கு. நிலுவைக் கடன் சந்தையில் என்ன விலை போகும் என்று அப்போது யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

கடன் எடுத்தால் திருப்பிக் கட்டத்தான் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. இடப்பெயர்வில் எல்லாம் இழந்து வந்த சனம் கடனுக்குப் பயந்த சனம். மானத்துக்காகவே நகையை அடகு வைத்துக் கட்டியவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பயத்தைத்தான் படலையில் நிற்பவர் நம்பியிருக்கிறார்.

ஆகவே யாராவது வந்தால் முதலில் எழுத்தில் கேளுங்கள்: நீங்கள் யார் சார்பில் வருகிறீர்கள், அதிகாரக் கடிதம் எங்கே, முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கடைசியாகக் கட்டிய திகதி எது? பதில் வரும்வரை காசு கொடுக்கவோ கையெழுத்து வைக்கவோ வேண்டாம். குறைத்துத் தீர்க்கச் சம்மதித்தால் "முழுக்கடனும் தீர்ந்தது" என்ற கடிதத்தைப் பெற்றுக்கொண்டே கட்டுங்கள். நீதிமன்ற அழைப்பாணை வந்தால் மட்டும் ஒருநாளும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள்.

அக்கா அன்று ஐந்நூறு கொடுக்கவில்லை. கடிதம் கேட்டார். "கொண்டுவாறன்" என்று போனவர் இன்னும் வரவில்லை.