ஐரோப்பாவில் தமிழ்: என் மகளுக்கு ஒரு திருத்தம்



ஜூன் விடுமுறை நெருங்கினால், தேக்கா சந்தையில் எதிர்ப்படும் பெற்றோர் பலரும் பயணத் திட்டங்களைப் பற்றியே பேசுவர். 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நாங்களும் குடும்பத்துடன் ஐரோப்பா சென்றோம். பத்து நாள்களில் பிரான்சு, பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி ஆகிய நான்கு நாடுகள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து தி ஹேக் நகருக்குப் பேருந்தில் செல்கையில், அப்போது தொடக்கநிலை நான்கில் பயின்ற என் மகள், "அம்மா, இந்த ஊர்களில் எங்காவது தமிழ் இருக்கிறதா?" என்று வினவினாள். "இங்கே எப்படிம்மா தமிழ் இருக்கும்?" என்று சிரித்துக்கொண்டே கூறிவிட்டேன்.

அவ்விடை பிழையானது. அதே சாலையில் லெய்டன் என்னும் பெயர்ப்பலகையைக் கடந்துதான் சென்றோம். சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேடுகள் 1862-இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தன. ஆகவேதான் அவை லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. கடாரத்து மன்னர் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மர், தம் தந்தை சூடாமணிவர்மரின் பெயரால் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எடுப்பித்தார். அதற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்த செய்தியைப் பெரிய செப்பேடுகள் 21 தெரிவிக்கின்றன. கடாரம் என்பது இன்றைய கெடா. சிங்கப்பூரின் அண்டை நாட்டிலுள்ள நிலம். சைவ மன்னன் ஒருவன், கடல் கடந்த நாட்டு மன்னர் எழுப்பிய பௌத்தப் பள்ளிக்கு நிலம் வழங்கினான் என்பது, பல இனத்தார் கூடி வாழும் நம் நாட்டுப் பிள்ளைகள் அறிய வேண்டிய வரலாறன்றோ?

லெய்டன் மட்டுமன்று. 1554-இல் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் ஒரு சமயக் கையேடு அச்சிடப்பட்டது. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் தந்த அந்நூலை ஆக்குவதில் அங்கிருந்த தமிழர் மூவர் பங்கேற்றனர். தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. பின்னர், ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் தரங்கம்பாடிக்குக் கப்பலேறின. 1714-இல் சீகன்பால்கு ஐரோப்பா திரும்பியபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் உடன் சென்றார். சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716-இல் ஹாலேயிலேயே அச்சேறியது.

அச்சுக்கலையின் இந்நெடும் பயணம் நம் சிங்கையையும் வந்தடைந்தது. 1887-இல் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' இதழைத் தொடங்கினார். 1935-இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார்.

இவற்றையெல்லாம் நான் படித்தறிந்தது பயணம் முடிந்து திரும்பிய பிறகே. ஈபிள் கோபுரத்தின்முன் எடுத்த படங்கள் எங்களிடம் நிறைய உள்ளன. லெய்டனில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அதைவிட, "தமிழ் நம் வீட்டுக்கும் தேர்வுக்கும் மட்டுமே உரியது" என்னும் எண்ணத்தை ஒரு தமிழாசிரியையே தன் மகளின் மனத்தில் விதைத்துவிட்டேனே என்பதுதான் பெரிய வருத்தம்.

மாணவர் பிழை செய்தால் திருத்தம் எழுதச் சொல்கிறோம். ஆதலால், உலக வரைபடத்தை மேசையில் விரித்து, லிஸ்பன், லெய்டன், ஹாலே, தரங்கம்பாடி, சிங்கப்பூர் ஆகிய ஐந்து இடங்களையும் குறித்து, என் மகளுக்கு நானும் ஒரு திருத்தம் செய்தேன். அவள் சற்று நேரம் அதனைப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் கடாரத்து ராஜா நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தானே, அம்மா?" என்றாள்.

அயல்நாட்டுப் பயணம் மேற்கொள்ளும் பெற்றோர்களே, புறப்படுமுன் ஒரு மாலைப்பொழுதில் பிள்ளைகளுடன் அமர்ந்து, செல்லும் ஊருக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பைத் தேடிப் பாருங்கள். ஆசிரியர்களும் இதனை வகுப்பில் வரைபட நடவடிக்கையாகச் செய்யலாம். என்னைப் போல் விடையை முந்திக்கொண்டு கூறிவிடாதீர்கள்.