தீசியஸின் எலும்புகள்

கிரேக்க வீரருள் தீசியஸைப் போல் அரசியலுக்குப் பயன்பட்டவர் மிகச் சிலரே. அவன் கதையை மாணவர் பலர் அறிவர். கிறீற் தீவின் மன்னன் மைனோசுக்கு ஏதென்ஸ் நகரம் ஏழு இளைஞரையும் ஏழு கன்னியரையும் திறையாக அனுப்பி வந்தது. சுழல்மாளிகையில் அடைபட்டிருந்த காளைத்தலை மனிதனான மினோட்டோருக்கு அவர்கள் இரையாயினர். தீசியஸ் தானே அப்பதினால்வருள் ஒருவனாகச் சென்றான். மைனோசின் மகள் அரியாட்னி தந்த நூலைப் பற்றி உட்புகுந்து, விலங்கைக் கொன்று மீண்டான். உதவியவளை நக்சோஸ் தீவிலே கைவிட்டான். வெள்ளைப்பாய் ஏற்ற மறந்தான். கரும்பாயைக் கண்ட தந்தை ஏஜியஸ் உயிரை மாய்த்துக்கொண்டான். கதை சொல்லுவோர் இவ்விரண்டையும் வீரனுக்கு மன்னித்துவிடுகின்றனர். நாம் மன்னித்தாக வேண்டிய கட்டாயமில்லை.

1900 ஆம் ஆண்டில் ஆதர் எவன்ஸ் நொசோஸில் அகழத் தொடங்கியபோது, எண்ணற்ற அறைகள் பின்னிக் கிடந்த பேரரண்மனையும் காளைமீது பாய்வோரின் ஓவியமும் வெளிப்பட்டன. அங்கு கிடைத்த களிமண் ஏடுகளின் எழுத்தை 1952 இல் மைக்கேல் வென்ட்ரிஸ் வாசித்தார். மொழி கிரேக்கம், பொருளோ வீரகாவியமன்று. ஆடுகளின் எண்ணிக்கை, கம்பளியின் நிறை, நெய்யும் பெண்களின் தொகை, இவையே அங்குள்ளன. ஓர் ஏடு ‘சுழல்மாளிகைத் தலைவிக்கு ஒரு சாடி தேன்’ எனக் குறிக்கின்றது. மினோட்டோரை அங்கே காணோம், கணக்கப்பிள்ளையைக் காண்கிறோம். மக்களைத் தின்ற மாளிகை என்னும் நினைவுக்கு இக்கணக்கேடுகளே பொருத்தமான உரை என்பது நம் கருத்து.

கி.மு. 508 அளவில் கிளைஸ்தனிஸ் பழைய குலப்பிரிவுகளைக் குலைத்து, மக்களைப் பத்துப் புதிய பிரிவுகளாக வகுத்தான். அக்காலத்தையொட்டியே மட்கலங்களில் தீசியஸின் செயல்கள் பெருகின. சிதறிக் கிடந்த ஊர்களின் சபைகளைக் கலைத்து அத்திக்கா முழுவதையும் ஒரே நகரமாக்கியவன் அவனே எனத் துசிடிடிசும் எழுதினார். யூரிப்பிடிசின் நாடகமொன்றிலே இம்மன்னன் மக்களாட்சிக்காக வாதாடுகிறான். முடியரசன் வாயால் மக்களாட்சிப் புகழ்! புதியதொரு ஆட்சி தனக்கொரு பழைய தந்தையைத் தேடிக்கொண்டது.

ஆனால் அதே மன்னனை ஏதென்ஸ் மக்கள் கைவிட்டனர் என்றும், ஸ்கைரோஸ் தீவில் லைக்கோமீடிஸ் அவனைப் பாறையிலிருந்து தள்ளிக் கொன்றான் என்றும் மரபு கூறும். கி.மு. 475 ஐயொட்டிய ஆண்டுகளில் கைமன் என்னும் தளபதி அத்தீவைக் கைப்பற்றினான். அங்கே ஒரு பேருடலின் எலும்புகளும் வெண்கல ஈட்டியும் வாளும் கண்டெடுத்ததாகப் புளூட்டாக் எழுதுகிறார். தீசியஸின் எலும்புகள் எனப் பறைசாற்றி, விழாவெடுத்து, அவற்றை ஏதென்சுக்குக் கொணர்ந்தனர். தீவின் குடிகளுக்கு என்ன நேர்ந்தது? அவர்களை அடிமைகளாக்கிவிட்டு ஏதென்ஸ் மக்கள் அங்கே குடியேறினர் எனத் துசிடிடிஸ் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்.

எலும்புகள் வைக்கப்பட்ட கோயில், வலியோருக்கு அஞ்சிய எளியோருக்கும் அடிமைகளுக்கும் புகலிடமாயிற்று. கொடுமை தாங்காத அடிமை அங்கே ஓடிவந்து அமர்ந்து முறையிடலாம். அவன் கேட்கக்கூடியது விடுதலை அன்று; தன்னை வேறோர் ஆண்டானுக்கு விற்கும்படியே அவன் கேட்கலாம்.